ஆடிக்காற்றுக்கு முன் ஓர் அட்டைப் புத்தகம்

வைகாசி மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, எமகண்டம் தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருக்கையில், எங்கள் ஊரான நாலாங்குளத்தில் பல் முளைத்தும் பேச்சு வராமலும் இருந்த பிள்ளைகள் அத்தனையும் தரையை விட்டு மேலே எழும்பின. நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்கிறானே, அளக்கிறான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் அச்சாகும் தினசரிக் காலண்டர்களுக்கு முப்பது வருஷமாகப் பிழை பார்க்கிறவன் நான். துவிதியை இருக்க வேண்டிய இடத்தில் திரிதியை இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. என் கண்ணுக்குத் தப்பி இந்த ஊரில் ஒரு தேதி போய்விட முடியாது.

எழும்பின என்றால் விர்ரென்று கிளம்பிவிடவில்லை. குளிப்பாட்டித் துவட்டிப் பவுடர் போட்டுப் பாயில் உட்காரவைத்த பிள்ளை, உட்கார்ந்த வாக்கிலேயே, இரண்டு காலையும் நீட்டியபடி, கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் முதலில் சன்னல் உயரம், பிறகு பீரோ உயரம், பிறகு பரண் உயரம் என்று போய், உச்சந்தலை கூரையில் லேசாக முட்டியதும் அங்கேயே நின்று, கீழே வாயைப் பிளந்துகொண்டிருந்த பெற்றவர்களைப் பார்த்துச் சிரித்தது. பசித்தால் இறங்கி வந்தது, தூக்கம் வந்தாலும் தானாக இறங்கிப் பாயில் படுத்துக்கொண்டது. விழித்திருந்து வயிறும் நிறைந்திருக்கிற நேரம் முழுக்க மேலேதான்.

வேறு ஊராக இருந்தால் கூட்டம் கூடி, சாமி ஆடி, பரிகாரம் கேட்டு ஊரையே இரண்டாக்கியிருப்பார்கள். எங்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது, இங்கே வீட்டுக்கு இரண்டு பேர் அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாம் நாளே ஊர் பழகிவிட்டது. அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு வீட்டிலும் மின்விசிறி சுற்றவில்லை, ஆம்பளைகள் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா கையோடு ஏணி கொண்டுவந்தார். மொட்டை போட வந்தவர் பந்தல்காரரிடம் சாரம் கேட்டார். கூரையில் ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளையைப் பயணி என்பதா லக்கேஜ் என்பதா என்று டவுன் பஸ் கண்டக்டர் டெப்போவுக்குப் போன் போட்டுக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். டீக்கடையில் பெருமை வேறு மாதிரி போனது. உன் பிள்ளை எத்தனை அடி என்று ஒருவர் கேட்க, ஒன்பதடி, அதுக்கு மேல எங்க வீட்ல கூரை இல்ல என்று மற்றவர் சலித்துக்கொள்ள, மச்சு வீட்டுக்காரர்கள் மட்டும் பேசாமல் டீயைக் குடித்தார்கள்.

கட்டிப் போட்டுப் பார்க்காமல் இல்லை. அரைஞாணில் கயிறு கட்டிக் கட்டில்காலில் முடிந்தால் பிள்ளை நீலம் பாரிக்க அழுதது, பால் குடிக்க மறுத்தது; இரண்டு நாளில் எந்தத் தாயும் அந்தப் பாவத்தை வேண்டாம் என்று விட்டாள். மடியில் அம்மிக்குழவியை வைத்தால் குழவியும் சேர்ந்து எழும்பியது. செல்போனைக் கொடுத்தார்கள், பிள்ளை அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே போனோடு சேர்ந்து கூரைக்குப் போனது, அங்கிருந்து போனை மட்டும் கீழே விட்டது. அந்த மாதம் எங்கள் ஊர் செல்போன் ரிப்பேர்க் கடைக்காரர் புது மோட்டார் சைக்கிள் எடுத்தார்.

வழியைக் கண்டுபிடித்தவள் மாரிக்கனி. நான் வேலை பார்க்கிற தனுஷ்கோடி அண்ணாச்சியின் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் பசை ஒட்டுகிறவள். அவள் புருஷன் சுடலைமுத்து அதே அச்சகத்தில் வெட்டு மிஷினும் துளை மிஷினும் ஓட்டுகிறவன். பதினோரு மாதப் பெண் ஒன்று, அம்மன் பேரில் வெயிலுகந்தாள் என்று பெயர் வைத்து வெயிலு என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் மாரிக்கனி, இனிப்புப் பெட்டிக்காக வெட்டிப் பார்த்துக் கழித்துப்போட்ட தடித்த அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தாள். அட்டையின் நடுவில் கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு மடிப்பு இருந்தது, விசிறும்போதெல்லாம் அது திறந்து மூடியது. பரண் உயரத்தில் இருந்த வெயிலு அதைப் பார்த்தாள், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இறங்கி வந்தாள், அட்டையைப் பிடுங்கி மடிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். மாரிக்கனி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பு பிய்ந்து கையோடு வருகிற வரைக்கும் பிள்ளை மண்ணில் உட்கார்ந்திருந்தது. பிய்ந்ததும் மடிப்பை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி மேலே போனது.

கைக்கு வேலை இருந்தால் பிள்ளைக்குப் பாரம் இருக்கும் என்பது இப்படித்தான் ஊருக்குத் தெரியவந்தது. மாரிக்கனி குழாயடியில் சொன்னாள், குழாயடியில் சொன்னது அச்சகங்களுக்குப் போயிற்று, அச்சகங்களுக்குப் போனது எப்படியோ ஊரெல்லை தாண்டியும் போக, ஒரே வாரத்தில் கல்யாண மண்டபம் முழுக்கக் குழந்தைப் புத்தக ஏஜெண்டுகள் கடை விரித்துவிட்டார்கள்.

அந்தப் பத்து நாளும் எங்கள் ஊர் திருவிழா பார்த்தது. காகிதப் புத்தகம், துணிப் புத்தகம், குளிக்கும்போது பார்க்கிற ரப்பர் புத்தகம், அமுக்கினால் குரைக்கிற புத்தகம், தடவினால் ஆட்டுரோமம் தட்டுப்படுகிற புத்தகம், திறந்தால் யானை எழுந்து நிற்கிற புத்தகம் என்று வகைவகையாக வந்தது. இரண்டு சாதிக்கும் மூன்று கட்சிக்கும் பொண்ணு பார்த்து முடிக்கிற எங்கள் ஊர் ஆட்கள், பெண் பார்க்கிற அதே முறையில் புத்தகத்தையும் பார்த்தார்கள். நிறம் எப்படி, பளபளப்பு எப்படி, சென்னையா டெல்லியா, நாளைக்கு டாக்டருக்குப் படிக்கவைக்குமா என்று விசாரித்தார்கள். ஆப்பிளும் வரிக்குதிரையும் இக்ளூவும் போட்ட புத்தகங்களைத் தகப்பன்மார் அள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் ஆப்பிளைக் கிழித்து வரிக்குதிரையைத் தின்றுவிட்டு, கண்ணாடிக் காகிதத்தைச் சரசரக்க வைத்துக்கொண்டு கூரைக்குப் போயின.

கடைசியில் பால்வாடி எஸ்தர் டீச்சர்தான் மண்டபத்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷமாக மற்றவர் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்த அந்த அம்மாவுக்குப் பொறுமை பிள்ளைகளிடம் மட்டும்தான் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தையும் வாங்கிச் சுவரில் அடித்தார், வாளித் தண்ணீரில் முக்கினார், மூலையைத் தன் கன்னத்தில் அழுத்திப் பார்த்தார், மையை மோந்தார், தானே ஒரு கடி கடித்தார். ஸ்டேப்ளர் கம்பி இருந்தால் தூக்கி வீசினார். குரைக்கிற புத்தகத்தின் முதுகில் பொத்தான் அளவு பேட்டரி இருந்ததைக் கண்டதும், இதைப் பிள்ளை முழுங்கினா நீங்க வந்து எடுப்பீங்களா என்று ஏஜெண்டைக் கேட்டு அவரைப் பொட்டியைக் கட்ட வைத்தார். புத்தகத்தைக் கடிக்குதே டீச்சர் என்று குறை சொன்ன ஒரு தகப்பனுக்கு அவர் சொன்ன பதிலை ஊர் ரொம்ப நாள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது:

“ஏன்யா, புஸ்தகம் ஒனக்கா பிள்ளைக்கா? ஒனக்குக் கண்ணு, அதுக்கு வாயி. அது கடிச்சுத்தான் படிக்கும். கடிக்கத் தாங்குற புஸ்தகமாப் பாத்து வாங்கு.”

அதற்குப் பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. கனத்த அட்டை, உருண்ட மூலை, பிள்ளைக்குத் தெரிந்த மாடு கோழி, இழுத்தால் வருகிற இரண்டு சமாச்சாரம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். ஒரு பிள்ளை சேவல் கொண்டையைத் தடவிக்கொண்டு ஒரு மணி நேரம் தரையில் இருந்தது, இன்னொன்று பஸ் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் தாய்மார் சோறு வடித்தார்கள், துணி துவைத்தார்கள், பசை ஒட்டினார்கள்.

வெயிலுவுக்கு மட்டும் ஒன்றும் வாய்க்கவில்லை. இருநூற்றுப் பதினாறு பிள்ளைகளில் அவள்தான் எல்லாரிலும் லேசு. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் ஒரு தடவை முழுக்கத் திறந்து பார்ப்பாள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வாள், அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவாள். மாரிக்கனி ஐம்பது எண்ணி முடிப்பதற்குள் புத்தகம் கீழேயும் பிள்ளை மேலேயும் இருக்கும். ஒரு தடவை கதவு திறந்திருக்க வாசல் வழியாகப் போய் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் கைப்பிடியில் சிக்கி நின்றாள். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து இறக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் மடியில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். மாரிக்கனி மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அப்போது ஆனி பாதி முடிந்திருந்தது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்களில் பேச்சுக்குத்தான் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே மலையில் ஒரு கணவாய் இருக்கிறது. ஆடி பிறந்ததும் அது வழியாக வருகிற காற்று தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸையும் பிடுங்கிக்கொண்டு போய் நாலு ஊர் தள்ளிப் போடும். கையில் புத்தகம் உள்ள பிள்ளை தரையில் கிடக்கும், தப்பிக்கும். புத்தகம் பிடிக்காத பிள்ளையை அந்தக் காற்று எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இடுப்பில் வைத்துக்கொள்ளலாம்தான், கை அசருகிற வரைக்கும். மாரிக்கனி தினமும் எங்கள் அச்சகத்துச் சுவரில் தொங்கிய காலண்டரைத் தாளைத் தூக்கிப் பார்த்து, ஆடிக்கு எத்தனை நாள் என்று என்னிடம் கேட்பாள். தெரியாமல் கேட்கவில்லை. நான் ஒரு நாளாவது கூட்டிச் சொல்ல மாட்டேனா என்றுதான் கேட்டாள்.

விஷயம் தனுஷ்கோடி அண்ணாச்சி காதுக்குப் போயிற்று. அண்ணாச்சி நல்ல மனுஷர், ஆனால் எதையும் மேடை போட்டுத்தான் செய்வார். ஊர் அச்சக முதலாளிகளை எல்லாம் கூட்டி, “நாடு பூரா நாளும் கிழமையும் பாக்குறது நம்ம காலண்டர்ல. நம்ம பிள்ளைகளுக்கு ஒரு புஸ்தகம் போட மாட்டோமா நாம?” என்றார். காலண்டர் வேலை ஆடிப்பெருக்குக்குத்தான் சூடு பிடிக்கும். ஆனியில் மிஷின்கள் சும்மாதான் கிடந்தன. எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு எங்கள் ஊரே உழைத்தது. எஸ்தர் டீச்சர் படங்கள் சொன்னார்: மாடு, கோழி, பஸ், அப்பளம், குடம், நிலா, சோறு, அம்மா. அதுவரை காணாத கனத்தில் அட்டை வந்தது. தின்றாலும் கெடுதல் செய்யாத மை வந்தது. மிஷினிலிருந்து வந்த முதல் தாளுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன் வைத்துச் சூடம் காட்டினோம், அது எங்கள் வழக்கம். பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார்கள். எட்டே எட்டு வார்த்தை. பதினோரு தடவை படித்தேன். மாட்டில் பிழை இல்லை, அம்மாவில் பிழை இல்லை, நிலாவில் துணைக்கால் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பிழை பார்க்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், தாளின் ஓரத்தைப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனி கடைசி நாள், சனிக்கிழமை, நல்ல நேரம் பார்த்துக் கல்யாண மண்டபத்தில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். ஜமுக்காளம் விரித்து, மைக் செட் கட்டி, நாதஸ்வரம் கூட வைத்திருந்தார்கள். தகப்பன்மார் ஒட்டடைக்கம்பால் தட்டித் தட்டிப் பிள்ளைகளை மண்டபத்துக்குள் ஓட்டிவந்தார்கள். இருநூற்றுப் பதினாறு கையில் இருநூற்றுப் பதினாறு புத்தகம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தன. மாட்டைத் தடவின, பஸ்ஸைத் தட்டின, அப்பளத்தைக் கடித்தன, புத்தகம் அசைந்து கொடுக்கவில்லை. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

அப்போது முன்வரிசையில் டர் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை மாட்டுப் பக்கத்தைப் பிடித்து இழுத்திருந்தது, அந்தக் கனத்த பக்கம் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழிந்து முழுசாகக் கையில் வந்தது. பிள்ளைக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும். அது இரண்டாவதைக் கிழித்தது, பக்கத்துப் பிள்ளை பார்த்தது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதன் பக்கத்துப் பிள்ளை, டர் டர் டர் என்று அப்பளக் கடையில் அப்பளம் நொறுக்குகிற மாதிரி மண்டபம் முழுக்க ஒரே சத்தம், பத்து நிமிஷத்தில் எட்டுப் பக்கமும் காலி, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மாடும் கோழியும் நிலாவும் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் மெல்ல மோதிக்கொண்டு மண்டபத்துக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தன. நாதஸ்வரக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் மங்களம் வாசித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன், அழ வேண்டிய நேரத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நடந்தது இதுதான். அட்டைகள் கடைசியாகப் போனது சுடலைமுத்துவின் மேசைக்கு. தினசரிக் காலண்டரில் தாள் சுலபமாகக் கிழிய வரிசையாகப் பொடித் துளை போடுவதும், ஆணியில் மாட்ட மேலே ஒரு துளை போடுவதும் அவன் வேலை. பதினைந்து வருஷமாக அவன் மேசைக்கு வந்த எதுவும் அந்த இரண்டும் இல்லாமல் திரும்பிப் போனதில்லை. கை பழகிய வேலைக்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை. அவன் இருநூற்றுப் பதினாறு புத்தகத்தையும் கிழிப்பதற்கு வாகாகச் செய்து, சுவரில் மாட்டத் தோதாகத் துளையும் போட்டு, அழகாக அடுக்கி அனுப்பிவிட்டான்.

மாரிக்கனி புருஷனை மண்டபத்து வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருந்த ஊர் வாயை மூடிக்கொண்டது.

“ஒரு வெரலு குடுத்தீங்களே அந்த மிஷினுக்கு, பத்தலையா? நாளைக்கு ஆடி. இப்போ பிள்ளையையும் குடுக்கணுமா?”

சுடலைமுத்து இடது கையை இன்னும் இறுக்கமாகத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டான். அந்தக் கையின் ஆள்காட்டி விரலை மிஷின் அடியோடு வாங்கியிருந்தது, வெயிலு பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால். அன்றிலிருந்து தோளில் துண்டு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. பிள்ளையை வலது கையால் மட்டும்தான் தூக்குவான். பச்சைப்பிள்ளை பார்த்துப் பயந்து வீறிட்டுவிட்டால் அப்புறம் தன்னிடம் வராது என்று அவனுக்கு ஒரு பயம், அதை மாரிக்கனியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்போதுதான் எஸ்தர் டீச்சர், இங்க பாருங்க என்று கூப்பிட்டார். ஜமுக்காளத்தில் ஒரே ஒரு பிள்ளை இன்னும் உட்கார்ந்திருந்தது. வெயிலு. அவள் ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. ஆணி மாட்டுகிற துளைக்குள் விரலை விட்டாள், எடுத்தாள், அதன் வழியாக ஒரு கண்ணால் மண்டபத்தைப் பார்த்தாள், மறுபடி விரலை விட்டாள். மாரிக்கனி நூறு எண்ணினாள், இருநூறு எண்ணினாள். இருநூற்று இருபதில்தான் பிள்ளை எழும்பினாள்.

ஞாயிறும் திங்களும் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் அட்டை வெட்டினார்கள். அவன் ஒற்றைக் கையால் மூலைகளை உப்புத்தாள் போட்டு உருட்டினான், ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வோர் அளவில் துளை எடுத்தான். அவள் தன் கல்யாணச் சேலையில் ஒரு துண்டு, கோணியில் ஒரு துண்டு என்று ஒட்டினாள், கதவுகளுக்குக் காகிதத்தில் கீல் வைக்காமல் துணியில் வைத்து இரண்டு பக்கமும் பசை போட்டாள். கிழிப்புத் துளை போடவில்லை. துளைக்கு இந்தப் பக்கம் பிள்ளையின் கண், அந்தப் பக்கம் தாயின் கண் என்று வைத்துப் பார்த்தால் அரை மணி நேரம் தாங்கியது. அரை மணி நேரத்துக்குப் பின் கொஞ்சம் மேலே, கையால் இழுத்து உட்காரவைத்து மறுபடி அரை மணி நேரம். போதும், சமாளித்துவிடலாம் என்று மாரிக்கனி முதல் தடவையாக நம்பினாள்.

ஊரும் சும்மா இல்லை. கிழிந்த பக்கங்களைத் துணி நாடாவால் கோத்து ஒட்டி, எங்கள் ஊர்ப் புத்தகத்தை ஒரு வழியாகப் புத்தகமாக்கிவிட்டார்கள். அண்ணாச்சி அச்சகத்தைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். காலண்டர் பிந்தினால் பிந்தட்டும், தைப் பொங்கலுக்கு வராமலா போய்விடும், ஆளுக்கு ஒரு பிள்ளை, ஆளுக்கு ஒரு புத்தகம், காத்து நிக்கிற வரைக்கும் எவனும் எந்திரிக்கப்படாது என்று உத்தரவு போட்டார். அவருக்குப் பிள்ளை கிடையாது. பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆடி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்குக் காற்று வந்தது. முதலில் கரண்ட் போயிற்று. பிறகு டீக்கடைப் பந்தல் எழுந்து தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்தது. கதவடைத்த ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அப்பன்களும் ஆத்தாள்களும் சித்தப்பன்களும் தரையோடு தரையாக உட்கார்ந்து, மாடு எங்கே, இந்தா மாடு, கோழி எங்கே, இந்தா கோழி என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்கள். காற்றின் சத்தத்துக்கு அடியில் ஊர் முழுக்க அந்த ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒதுக்கிய பிள்ளை நிலாவைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன் என்றது, நிலா எங்கே என்று நானூறு தடவை கேட்டேன், ஒரு தடவைகூட எனக்கு அலுக்கவில்லை.

மாரிக்கனி வீட்டில் புத்தகம் நன்றாகத்தான் தாங்கியது. கூரைதான் தாங்கவில்லை. மேற்குப் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் ஒன்று தடாலென்று பெயர்ந்து போக, உள்ளே புகுந்த காற்று வெயிலுவின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அந்தத் திறப்பு வழியாகவே வெளியேறியது. கல்யாணச் சேலைத் துண்டும் கோணித் துண்டும் படபடக்க அது கண்மாய்ப் பக்கம் போனதைத் தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். வெயிலு புத்தகத்தைத் தேடி அண்ணாந்து பார்த்தாள், பிறகு அது போன வழியே தானும் எழும்பினாள்.

மாரிக்கனி எட்டிக் காலைப் பிடித்தாள். கொலுசு கையோடு வந்தது, கால் வரவில்லை. சுடலைமுத்து உரல்மேல் ஏறினான், உரலிலிருந்து பரண்மேல் ஏறினான், காற்று தள்ளிய தள்ளலில் கீழே விழாமலிருக்க வலது கையால் உத்தரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மிச்சம் இருந்தது இடது கை. துண்டு எப்போது பறந்து போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. நாலு விரலை விரித்து அந்தக் கையை அவன் கூரைத் திறப்புக்கு நேராக நீட்டினான், கண்ணை மூடிக்கொண்டான்.

வெயிலு வீறிடவில்லை. திறப்பின் விளிம்பில், பாதி வெளியே ஆகாயத்திலும் பாதி வீட்டுக்குள்ளுமாக நின்று, அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைப் பற்றினாள். கட்டைவிரலை மடக்கினாள். அடுத்த விரலுக்குப் போனாள், அங்கே விரல் இல்லை. உள்ளங்கையைப் பார்த்தாள். கையைப் புரட்டிப் புறங்கையைப் பார்த்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று குனிந்து தேடினாள். மழுங்கிய இடத்தில் வாயை வைத்துத் தன் நாலு பல்லாலும் கடித்தாள். சுடலைமுத்து கையை இழுக்கவில்லை. தேடத் தேட அவன் தோள் கீழே இறங்கியது, அவன் பரணிலிருந்து உரலுக்கும் உரலிலிருந்து தரைக்கும் வந்து சேர்ந்தான், கையோடு தொங்கிக்கொண்டு பிள்ளையும் வந்து தாயின் மடியில் உட்கார்ந்தாள்.

காற்று அன்று சாயங்காலம் வரை அடித்தது. மாரிக்கனி கொலுசைப் பிடித்த கையோடு அழுதாள், சிரித்தாள், கொஞ்ச நேரம் கழித்து, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காலு மரத்துப்போச்சு. இம்புட்டுக் கனமா இருக்கா ஒங்க மக” என்றாள்.

“நான் எந்திரிக்க முடியாது. இன்னும் பாத்து முடிக்கல அவ” என்றான் சுடலைமுத்து.

வெயிலு கட்டைவிரலை மடக்கினாள். அடுத்தது அங்கே இல்லை. அவள் சிரித்தாள், கையைப் புரட்டினாள், மறுபடியும் கட்டைவிரலிலிருந்து தொடங்கினாள்.